ஒன்பது நிமிடம் பழைய செய்தி

1957 ஆகஸ்ட் 4 அன்று நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த ஜெர்மன் கிராண்ட் ப்ரீ கார்ப் பந்தயத்தைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், அது ஓர் அற்புதம் என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். அந்தப் பந்தயத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில் எனக்கு இதில் மனக்குறை உண்டு. அற்புதம் என்று சொன்னவுடனே, பின்தங்கியிருந்து அதை வென்ற அர்ஜென்டினா ஓட்டுநர் ஹுவான் மானுவேல் ஃபாஞ்சியோ போட்ட கணக்கு மறைந்து, அவர் காட்டிய வேகம் மட்டும் நினைவில் நின்றுவிடுகிறது.

ஐஃபெல் மலைக்காட்டுக்குள் ஏறி இறங்கி வளைந்து செல்லும் அந்தத் தடத்தின் ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர் நீளம் கொண்டது. பந்தயம் மொத்தம் 22 சுற்றுகள், அதாவது ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஃபெராரி அணியின் மைக் ஹாத்தார்னும் பீட்டர் காலின்ஸும் நிறைய பெட்ரோலோடும் உறுதியான டயர்களோடும் புறப்பட்டு, எங்கும் நிற்காமல் ஓடி முடிப்பதாக முடிவு செய்திருந்தார்கள். போட்டி அணியான மசராட்டியின் காரில் இருந்த ஃபாஞ்சியோ பாதித் தொட்டி பெட்ரோலும் மென்மையான டயர்களுமாகக் கிளம்பி, எடை குறைந்த காரில் முன்னிலை சேர்த்துக்கொண்டு, நடுவில் ஒருமுறை பிட்டில் (தடத்தோரத்தில் அணியினர் காரைக் கவனிக்கும் இடத்தில்) நின்று இரண்டையும் மாற்றிக்கொள்வது என்று திட்டமிட்டார். மூன்றாம் சுற்றிலேயே முன்னுக்கு வந்த அவர், 12-ஆம் சுற்றின் முடிவில் பிட்டுக்குள் நுழைந்தபோது சுமார் 30 வினாடிகள் முன்னிலையில் இருந்தார். வேலை 30 வினாடிகளில் முடிந்திருந்தால் கணக்கு சரியாக இருந்திருக்கும்.

முடியவில்லை. பின்சக்கரத்தைக் கழற்றியபோது அதன் நட்டு காருக்கு அடியில் உருண்டுபோக, மெக்கானிக்குகள் குனிந்து தேடத் தொடங்கினார்கள். ஒரு நட்டைத் தேடும் அந்த நேரத்தில் ஹாத்தார்னும் காலின்ஸும் பிட்டைக் கடந்து போய்விட்டார்கள். ஐம்பது வினாடிகளுக்கும் மேல் நின்ற கார் மீண்டும் தடத்துக்கு வந்தபோது, அவர்களுக்கும் ஃபாஞ்சியோவுக்கும் நடுவே முக்கால் நிமிட இடைவெளி இருந்தது. மீதி இருந்தவை பத்துச் சுற்றுகள்.

இதற்குப் பிறகு வந்த முதல் இரண்டு சுற்றுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் முதன்மையான ஆதங்கம். புதிய டயர்கள் பதமாகும் வரை, தொட்டி நிறைந்து கனத்துப்போன காரை அவர் விரட்டவே இல்லை. இடைவெளி குறையாததைப் பார்த்த ஃபெராரி அணியினர், பந்தயம் தங்கள் கைக்கு வந்துவிட்டதாக நம்பினார்கள். எதிரணியை ஏமாற்றுவதற்காகவே ஃபாஞ்சியோ அப்படி ஓட்டினார் என்று சொல்வோரும் உண்டு. திட்டமிட்ட ஏமாற்றோ இல்லையோ, முக்கால் நிமிடம் பின்தங்கிய ஒருவர் பதறாமல் டயருக்கு நேரம் கொடுத்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தப் பொறுமைக்குத் தடத்தின் நீளமும் துணை நின்றது. அந்தக் காலத்தில் ஓட்டுநருக்குச் செய்தி சொல்ல வானொலி கிடையாது. பிட்டைக் கடக்கும்போது அணியினர் தூக்கிக் காட்டும் பலகை மட்டுமே உண்டு. முன்னால் போகும் இரண்டு ஃபெராரிகள் பிட்டைக் கடந்து காட்டுக்குள் மறைந்த பிறகுதான் ஃபாஞ்சியோ வந்து சேருவார். அவர் வந்த பிறகுதான் இடைவெளியை அளக்க முடியும். அளந்ததைப் பலகையில் எழுதினாலும், அதைப் படிக்க வேண்டியவர்கள் ஒரு முழுச் சுற்று, அதாவது ஒன்பது நிமிடத்துக்கும் மேல், ஓடிவிட்டுத்தான் மீண்டும் அந்த இடத்துக்கு வருவார்கள். ஆகவே ஹாத்தார்ன் படித்தது எப்போதும் பழைய செய்தி. அவர் அதைப் படிக்கும் நேரத்தில், ஃபாஞ்சியோ அந்தச் சுற்றிலும் சில வினாடிகளைத் தின்று முடித்திருப்பார். ஆபத்து பலகையில் தெரிந்து இருவரும் முழு வேகம் எடுத்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது.

அடுத்த சுற்றுகளில் ஃபாஞ்சியோ தடத்தின் சாதனை நேரத்தை மீண்டும் மீண்டும் உடைத்தார். முந்தைய ஆண்டுப் பந்தயத்தில் அவரே பதிவு செய்த அதிவேகச் சுற்று 9 நிமிடம் 41.6 வினாடி. இந்தப் பந்தயத்துக்கு முன் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடிக்க அவர் எடுத்துக்கொண்டது 9 நிமிடம் 25.6 வினாடி. 20-ஆம் சுற்றை அவர் முடித்தது 9 நிமிடம் 17.4 வினாடியில். தகுதிச் சுற்றில் ஒரே ஒரு சுற்றுக்காக முழு மூச்சோடு ஓட்டிய நேரத்தைவிட இது எட்டு வினாடிகள் குறைவு என்பதை நான் எத்தனை முறை படித்தாலும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே செல்கிறேன். வழக்கமாக எடுக்கும் கியரைவிட ஒரு கியர் உயர்த்தி வளைவுகளை எடுத்ததாக அவரே பின்னர் விளக்கினார். 21-ஆம் சுற்றில் முதலில் காலின்ஸைத் தாண்டினார். மசராட்டியின் சக்கரம் வாரியடித்த கல்லொன்று காலின்ஸ் கண்ணில் அணிந்திருந்த கண்ணாடியை உடைத்தது. அதே சுற்றில் ஓர் இடப்பக்க வளைவில், இடச் சக்கரங்கள் புல்லில் ஏற, ஹாத்தார்னின் உட்புறம் நுழைந்து முன்னுக்குப் போனார். மூன்றரை மணி நேரப் பந்தயத்தின் முடிவில் இருவருக்கும் இடையே இருந்தது 3.6 வினாடி. 46 வயதில் அவர் ஐந்தாவது முறையாக உலக சாம்பியன் ஆனதும் அன்றுதான்.

தோற்ற இருவரும் மேடையில் தாங்களே வென்றதுபோல அவரைக் கொண்டாடியதை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். காலின்ஸ், முந்தைய ஆண்டு மோன்சாவில் தனக்கும் பட்டம் வெல்லும் வாய்ப்பு இருந்தபோதே பந்தயத்தின் நடுவே தன் காரை, அப்போது ஒரே அணியில் இருந்த ஃபாஞ்சியோவிடம் கொடுத்து அவரை சாம்பியன் ஆக்கியவர். அந்த நல்ல மனிதர் மறு ஆண்டு, இதே தடத்தில், இதே பந்தயத்தில், காரிலிருந்து தூக்கி எறியப்பட்டு 26 வயதில் இறந்துபோனார். அந்தக் காலத்துப் பந்தயங்கள்தாம் உண்மையான பந்தயங்கள் என்று ஏங்கி எழுதுபவர்களுடன் என்னால் சேர முடியாததற்கு இதுவே காரணம். இருக்கைப் பட்டி இல்லாத காரும் மரங்களை ஒட்டிய தடமும் ஃபாஞ்சியோவின் திறமைக்கு எதையும் கூட்டிவிடவில்லை. அவை இல்லாமலும் அந்தக் கணக்கும் அந்தக் கைகளும் அவருடையவையாகவே இருந்திருக்கும்.

அந்த ஆபத்து ஃபாஞ்சியோவுக்கே தெரிந்திருந்தது. தேவைக்கு மேல் ஒரு துளி வேகமும் காட்டாமல் வெல்பவர் என்று பெயர் பெற்ற அவர், அன்று தன் எல்லையைத் தாண்டிவிட்டதாகவும், இனி ஒருபோதும் அப்படி ஓட்ட முடியும் என்று தோன்றவில்லை என்றும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அதன்பின் அவர் கலந்துகொண்ட உலக சாம்பியன் பந்தயங்கள் நான்கே. இரண்டில் இரண்டாம் இடம், இரண்டில் நான்காம் இடம். கடைசிப் பந்தயம் 1958 ஜூலையில் பிரான்சின் ரான்ஸ் நகரில் நடந்தது. வெற்றியை நோக்கி விரைந்துகொண்டிருந்த ஹாத்தார்ன், ஒரு முழுச் சுற்று பின்தங்கவிருந்த மசராட்டி ஒன்றை முடிவுக் கோட்டுக்கு அருகே எட்டினார். உள்ளே இருப்பது ஃபாஞ்சியோ என்று தெரிந்ததும் பிரேக்கை மிதித்து, அவரைத் தாண்டாமல் பின்னாலேயே கோட்டைக் கடந்தார்.