நாடி கிடைக்காவிட்டால் பதற வேண்டாம்

இதயம் பலவீனமானவர்களுக்கு ரத்தம் பாய்ச்ச உதவும் எல்விஏடி (LVAD) கருவி பற்றிய உங்கள் கட்டுரையில், அதைச் 'செயற்கை இதயம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. சொந்த இதயம் அங்கேயேதான் இருக்கும்; இடது கீழறையின் நுனியில் பொருத்திய பம்ப், ரத்தத்தை இழுத்து மகாதமனிக்குள் தள்ளும். அவ்வளவுதான்.

இப்போதைய பம்புகள் விட்டு விட்டு அடிப்பதில்லை, நிற்காமல் சுழல்கின்றன. அதனால் பலருக்குக் கையில் நாடியே கிடைக்காது. சாதாரண பிபி கருவியும் திணறும், ஒலி அலை மூலம் ரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர் கருவி வைத்துத்தான் பார்ப்பார்கள். இந்தக் கருவி பொருத்திய ஒருவர் மயங்கி விழுந்தால் 'நாடி இல்லை, போய்விட்டார்' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நெஞ்சில் காது வைத்தால் மோட்டாரின் ரீங்காரம் கேட்கிறதா, அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தரும் கேபிளும் பேட்டரியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதைக் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

பலன் பற்றிச் சந்தேகப்படுபவர்களுக்கு: இந்தக் கருவியை மருந்துச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 2001 இல் வெளியான ரீமேட்ச் ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 25 சதவீதம், கருவி பொருத்தியவர்களில் 52. அதுவும் பழைய தலைமுறைக் கருவி.

தொல்லையும் உண்டு. வயிற்றுத் தோல் வழியாக வெளியே வரும் கேபிளில் கிருமித் தொற்று, ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வார்ஃபரின், அப்புறம் நீச்சல் கிடையவே கிடையாது. வீட்டில் கேபிள் வெளியே வரும் இடத்தில் கட்டுப்போட்டுவிட ஒரு ஆள் இல்லாமல் இதைச் சமாளிப்பது கஷ்டம்.