ஓடர் கொடுத்த நாளில் இருந்த வரி

எங்கள் வீட்டு மொரிஸ் மைனர் 1963ஆம் ஆண்டின் கார். அப்பா அதை எழுபதுகளில் இன்னொருவரிடமிருந்து வாங்கினார். இடம்பெயர்ந்தபோது கொட்டிலுக்குள் விட்டு ஓலையால் மூடிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது கண்ணாடிகளும் பற்றரியும் இல்லை, என்ஜின் இருந்தது. அம்மாவை மாதம் ஒருமுறை கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வது இன்றும் அந்தக் காரில்தான் என்பதால், உதிரிப்பாகங்களின் இறக்குமதி வரியைப் பற்றி நான் எழுதப்போவதைப் பழைய கார் மோகம் பிடித்த ஒருவரின் முறைப்பாடாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2023ஆம் ஆண்டின் கடைசிப் பகுதியில் பிரேக் மிதி தரைவரை போகத் தொடங்கியது. மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், மொரிஸ் மைனரில் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, சேசிஸ் சட்டத்துக்குள் இருக்கும். அதன் ஆணிகளைக் கழற்றுவதற்கு முன்சக்கரத்தைத் தாங்கும் டோர்ஷன் பாரை முதலில் இறக்கி ஒதுக்க வேண்டும். அரைநாள் காரின் அடியில் படுத்திருந்து அதை வெளியே எடுத்த மெக்கானிக் அண்ணை, துணியால் துடைத்து என் கையில் தந்தார். உட்சுவரில் துரு தின்ற குழிகள் விரல்நகத்தில் தட்டுப்பட்டன. “இதுக்கு இனி றப்பர் மாத்திச் சரிவராது தம்பி, சிலிண்டரே புதுசு வேணும்” என்றார். முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிலிண்டர்கள். அந்த நான்கும் அதே நிலையில்தான் இருந்தன.

கொழும்புக்குப் போய், வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒருநாள் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஜப்பான் வாகனங்களுக்கு அங்கே கிடைக்காதது இல்லை, ஆனால் மைனரின் மரைகள் அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டவை என்பதால் மில்லிமீற்றர்க் கணக்கில் செய்த ஜப்பான் சாமானை அதில் பூட்ட முடியாது. ஒரே ஒரு கடையில் ஒரு சிலிண்டர் இருந்தது. பெட்டியில் செய்தவர் பெயரும் இல்லை, நாட்டின் பெயரும் இல்லை. அம்மாவை ஏற்றிச் செல்லும் காரில் அதைப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை.

மொரிஸ் மைனரின் உற்பத்தி 1971ஆம் ஆண்டோடு நின்றுவிட்டாலும் அதன் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. கார்த்திகை நடுவில் ஐந்து சிலிண்டர்களுக்கும் ஓடர் கொடுத்தேன். ஏற்றுமதி என்பதால் அந்நாட்டின் 20 வீத வற் வரியை (பெறுமதி சேர் வரியை)க் கடைக்காரர் கழித்துவிட்டார். சாமான் 138 பவுண், அனுப்பும் செலவு 34 பவுண். மார்கழிக் கடைசியில் பொதி கொழும்புக்கு வந்தது. கொண்டுவந்த விரைவுத்தபால் நிறுவனத்தில், பற்றுச்சீட்டு தெளிவாக இல்லை என்று ஒருமுறையும், பொருளின் விபரம் போதாது என்று மறுமுறையும் மின்னஞ்சல் அனுப்பினார்கள். அதற்கிடையில் ஆண்டு பிறந்துவிட்டது. 2024 தை (ஜனவரி) முதலாம் திகதி இலங்கையின் வற் வரி 15இலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. நான் கணக்குப் பார்த்து ஓடர் கொடுத்தது ஒரு வரிக்கு. கட்டியது இன்னொரு வரியை. போதாததற்கு, பொதி கிடந்த நாட்களுக்குக் களஞ்சியக் கூலியும் கேட்டார்கள்.

இந்த வரி எப்படிச் சேர்கிறது என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் கட்டுகிறவர்களில் பலருக்கு அது தெரியாது. பொருளின் விலை, காப்புறுதி, கப்பல் அல்லது விமானக் கூலி ஆகிய மூன்றும் சேர்ந்து 100 ரூபாய் என்று வைப்போம். வீதம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். கணக்குக்காக இறக்குமதித் தீர்வை 20, துறைமுக மற்றும் விமான நிலைய அபிவிருத்தி வரி 10 என்று கொள்வோம். வற் வரி இந்த 130 ரூபாய்க்குத்தான் என்று நினைப்பீர்கள். அப்படியல்ல; தொடக்கத்து 100 ரூபாயோடு மேலும் 10 வீதத்தைக் கூட்டி, அதாவது யாரும் யாருக்கும் கொடுத்திராத ஒரு 10 ரூபாயையும் சேர்த்து, 140 ரூபாய்க்கு 18 வீதம் அறவிடப்படுகிறது. அது 25 ரூபாய் 20 சதம். அதே 140க்கு, 2022 ஒக்டோபர் முதல் வந்த சமூகப் பாதுகாப்பு உதவுத்தொகை வரி 2.5 வீதம், அது 3 ரூபாய் 50 சதம். மொத்தம் 58 ரூபாய் 70 சதம். செஸ் என்ற மேலதிக இறக்குமதி வரியும் உள்ள பொருளானால் இன்னும் கூடும். வரிக்கு மேல் வரி, அனுப்புகூலிக்கும் வரி, இல்லாத பத்து ரூபாய்க்கும் வரி. சாமானின் விலை குறைவாகவும் கூலி கூடுதலாகவும் இருக்கும் சிறிய ஓடர்களில், கடைக்காரர் பெற்ற விலையை விட நாங்கள் கட்டும் வரி பெரிதாகிவிடுவதும் உண்டு.

வரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துக்கும் எரிபொருளுக்கும் நாடு வரிசையில் நின்றதை நானும் நின்று பார்த்தவன். சில வாரங்களில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதையும் மறக்கவில்லை. திறைசேரிக்குப் பணம் வேண்டும். ஆனால் 8 வீதமாக இருந்த வற் வரி 2022 ஆனியில் 12 ஆகி, புரட்டாதியில் 15 ஆகி, 2024 தையில் 18 ஆனது. பத்தொன்பது மாதங்களுக்குள் மூன்று மாற்றங்கள். 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 மாசியில். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் புதிய வாகனம் வாங்காதே, இருப்பதை வைத்து ஓட்டு என்று மக்களுக்குச் சொன்ன ஓர் அரசு, இருப்பதை ஓட்டுவதற்கு வேண்டிய பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அதே காலத்தில் வரியைக் கூட்டிக்கொண்டே போனது என்பதுதான் என் மனத்தாங்கல். ஆட்டோ ஓட்டுகிற தம்பிக்கும் லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம் வைத்திருக்கும் விவசாயிக்கும் இதே கணக்குத்தான், அவர்கள் அதைக் கடைக்காரரின் விலையில் மறைமுகமாகக் கட்டுகிறார்கள். அசல் சாமானின் விலை ஏற ஏற, பெயரில்லாத பெட்டிகளே பஞ்சிகாவத்தையில் கூடுதலாக விலைப்படும். அந்தப் பெட்டிகள் பூட்டிய வாகனங்கள் நம் பிள்ளைகள் நடக்கும் வீதியில்தான் ஓடுகின்றன.

சாமான் இல்லாமல் சமாளிப்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் வராதபோது, சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ40 கார்களையும் மைனர்களையும் ஓட்டினார்கள். அதைப் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடைந்தும் ஒட்டியும் சமாளித்ததில் பிடிக்காமல் போன பிரேக்குகளும் இருந்தன. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: அதே தொண்ணூறுகளில் இந்தத் தீவிலேயே மொரிஸ் மைனர் உதிரிப்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. நம் கைகளுக்கு அந்த வேலை தெரியும். ஆனால் இறக்குமதி செய்யும் உருக்குக்கும் கருவிக்கும் அடுத்த ஆண்டு என்ன வரி என்று தெரியாத ஒருவர் எந்தத் துணிவில் பட்டறை போடுவார்?

நான் கேட்பவை இரண்டுதான். பணம் கட்டி ஓடர் கொடுத்த நாளில் நடைமுறையில் இருந்த வீதமே, வங்கிப் பற்றுச்சீட்டைக் காட்டினால், பொதி வந்த நாளிலும் செல்ல வேண்டும். ஆகக் குறைந்தது சொந்தப் பாவனைக்கு வரும் சிறிய பொதிகளுக்கேனும் 90 நாள் அவகாசம் தரலாம். அடுத்தது, பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றின் வரிகள் அனைத்தையும் கூட்டிய இறுதி வீதத்தை, ஒரே பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும் சாதாரண ஆளுக்கு விளங்கும்படி வெளியிட வேண்டும். லண்டனில் இருந்து விடுமுறைக்கு வரும் மச்சானின் சூட்கேசை நம்பி ஒரு நாட்டின் வாகனங்கள் ஓடக்கூடாது.

மைனரின் பின்சக்கரச் சிலிண்டர்கள் இரண்டும் இப்போது கசியத் தொடங்கியுள்ளன, இந்த மாதம் ஓடர் கொடுக்க வேண்டும். கடந்த ஆறு மாதங்களுக்குள் வெளிநாட்டிலிருந்து உதிரிப்பாகம் எடுப்பித்து வரி கட்டியவர்கள், பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டுப் பற்றுச்சீட்டின் படத்தை எனக்கு அனுப்புங்கள். எந்தப் பொருளுக்கு, எந்தத் திகதியில், எந்த வரி எவ்வளவு என்று தமிழில் ஓர் அட்டவணை போட்டு, மாதம்தோறும் திருத்தி இதே பக்கத்தில் இடுகிறேன்.