டெய்லர் கடையில் ஒரு பகா எண்

(பிளவுஸ் குவியலுக்கு நடுவில் டெய்லர் பழனி. பக்கத்துக் கம்ப்யூட்டர் கடை செல்வம் வருகிறான்.)

பழனி: தம்பி, யாரோ பெரிய இடம்போல. 140 பிளவுஸ் தைக்கக் கொடுத்திருக்காங்க. எல்லா ரசீதுலயும் ஒரே நம்பர், 2147483647. போன் போட்டா, 'எண்ணைச் சரிபார்க்கவும்'ங்கிறா.

செல்வம்: அது ஆள் நம்பர் இல்லண்ணே. ரெண்டை 31 தடவை போட்டுப் பெருக்கி ஒண்ணைக் கழிச்சா வர்ற எண். உங்க சாஃப்ட்வேர்ல போன் நம்பர் கட்டத்தை 'இன்ட்'னு, அதாவது முழு எண் மட்டும் கொள்ற கட்டமா வெச்சுட்டாங்க. அதுல மொத்தம் 32 பிட், காஜா மாதிரின்னு வெச்சுக்குங்க. ஒண்ணு பிளஸ்ஸா மைனஸான்னு சொல்ல. மிச்சம் 31-லயும் பட்டன் மாட்டினா இந்த எண். அதுக்கு மேல துணி பத்தாது.

பழனி: அப்ப 98-ல ஆரம்பிக்கிற நம்பரு?

செல்வம்: நம்ம மொபைல் நம்பர் எல்லாம் 6-லேருந்து 9-க்குள்ள ஆரம்பிக்குது. அத்தனையும் இதைவிடப் பெருசு. உங்க தகவலைச் சேத்து வெக்கிற மைஎஸ்கியூஎல்-ல 'ஸ்ட்ரிக்ட் மோட்'ங்கிற கண்டிப்பு ஆஃப்ல இருந்தா, பெருசா வர்றதை இந்த அளவுக்கு வெட்டி உள்ள போட்டுடும். ஆன்ல இருந்திருந்தா முதல் பிளவுஸ்லயே எரர் காட்டியிருக்கும்.

பழனி: சனியன் புடிச்ச நம்பரு!

செல்வம்: ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. பகா எண்ணே அது! ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாது.

பழனி: 31 பகா எண்ணாச்சே, அதனாலயா?

செல்வம்: அதை நம்பினா மோசம். 11-ம் பகா எண்தான். ரெண்டை 11 தடவை போட்டுப் பெருக்கி ஒண்ணு கழிங்க, 2047. அது 23 × 89. அதனால ஒவ்வொண்ணையும் சோதிச்சுத்தான் பாக்கணும். இந்த 2147483647-ஐ 1772-ல கணித மேதை ஆய்லர் சோதிச்சுட்டார்.

பழனி: 214 கோடி வரைக்கும் வகுத்தாரா?

செல்வம்: எதுக்கு? வகுத்தி ஜோடியாத்தான் வரும். அதுல சின்னது வர்க்கமூலத்தைத் தாண்டாது. 46,340 வரைக்கும் பாத்தா போதும். அதுலயும், 248-ஆல வகுத்தா 1 இல்லைன்னா 63 மீதி வர்ற பகா எண்ணுங்க மட்டும்தான் இதை வகுக்க வாய்ப்பு. நூறுகூடத் தேறாது. அப்ப ஆய்லருக்குக் கண்ணும் கிட்டத்தட்ட போயிடுச்சு.

பழனி: அடேங்கப்பா. எனக்குக் கண்ணாடி போட்டும் ஊசி கோக்க வரல. அது சரி, எதாலயும் வகுபடாதுங்கிறே, 140 பேரு பங்கு போட்டிருக்காங்களே!

செல்வம்: கட்டத்தை 'வார்சார் 15'னு, அதாவது 15 எழுத்து வரைக்கும் கொள்ற எழுத்துக் கட்டமா மாத்திடலாம். இன்ட்டைவிடப் பெரிய 'பிக்இன்ட்' போட்டாலும் கொள்ளும்தான். ஆனா முன்னால வர்ற பிளஸ்ஸையும் பூஜ்யத்தையும் முழுங்கிடும். போன் நம்பரைக் கூட்டிப் பெருக்கவா போறோம்? எழுத்தாவே கிடக்கட்டும்.

பழனி: மாத்தினா பழைய நம்பர் வந்துடுமா?

செல்வம்: வெட்டின துணி ஒட்டுமா? அளவு நோட்டைப் பாத்து திரும்ப ஏத்துங்க. நோட்டு இருக்குல்ல?

பழனி: இருக்கே! உயரம், கை நீளம், கழுத்து இறக்கம், எல்லாம் பக்காவா இருக்கு. நம்பரை மட்டும்தான் கம்ப்யூட்டர் பாத்துக்கும்னு விட்டுட்டேன்.