சோபியா லாரன் சிறை போனது காதலுக்காக அல்ல

"மணமானவரைக் காதலித்ததற்காக இத்தாலிய நடிகை சோபியா லாரன் சிறையில் தள்ளப்பட்டார்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அவர் சிறைக்குப் போனது உண்மை. ஆனால் அது 1982-இல், வரி வழக்கில். இத்தாலியின் காசெர்தா நகரச் சிறையில் 17 நாள் இருந்தார்.

காதல் விவகாரம் வேறு. சோபியா காதலித்த திரைப்படத் தயாரிப்பாளர் கார்லோ போன்டி ஏற்கெனவே மணமானவர். இத்தாலியில் அப்போது விவாகரத்துச் சட்டமே கிடையாது, 1970-இல்தான் வந்தது. அதனால் மெக்சிகோவில் விவாகரத்து வாங்கி, 1957-இல் அங்கேயே திருமணத்தையும் முடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மணமக்கள் இருவருமே அங்கு இல்லை; அவர்களுக்குப் பதிலாக நின்றவர்கள் இரண்டு ஆண் வழக்கறிஞர்கள்! இத்தாலி அதை ஏற்கவில்லை. போன்டிமீது இருதார மணக் குற்றச்சாட்டு பாய்ந்தது, சோபியாவும் வழக்கில் சிக்கினார். ஆனால் இதற்காக யாரும் கம்பி எண்ணவில்லை. 1962-இல் அந்தத் திருமணம் ரத்தானது. அதே ஆண்டுதான் 'டூ விமன்' படத்துக்காக சோபியாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. விழாவுக்குக்கூட அவர் போகவில்லை.

அப்புறம் இருவரும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார்கள். போன்டி பிரான்சில் முறைப்படி விவாகரத்து வாங்க, 1966-இல் பாரிஸ் அருகே செவ்ரில் மறுபடி கல்யாணம். 2007-இல் போன்டி இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள்.