வெளியூராருக்கு மட்டும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரை ஊரான விட்பிக்குப் போய்வந்தவர்கள் போடும் படம் எல்லாவற்றிலும் அந்த இடிந்த மடம்தான் இருக்கிறது. வட கடலைப் பார்த்துக் கூரையில்லாமல் நிற்கும் அந்தக் கல் வளைவுகளைக் கண்டால் யாருக்கும் கை போனுக்குத்தான் போகும், அதில் தப்பில்லை. ஆனால் அங்கிருந்து இரண்டு நிமிட நடையில், டிக்கெட் இல்லாமல், கதவு திறந்தே கிடக்கிற செயின்ட் மேரி கோயிலுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போய்விடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.

கோயில் என்று எழுதினால் குழம்ப வேண்டாம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. குடும்பங்களில் சர்ச்சுக்குக் கோயில் என்றுதான் பேர். இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனரிகள் வந்து வளர்த்த சபை எங்களுடையது.

செப்டம்பரில் அம்மாவை அழைத்துப் போனேன். துறைமுகத்திலிருந்து பாறை உச்சிக்கு 199 படி. முழங்கால் வலியோடு நின்று நின்று ஏறினார். நடுநடுவே அகலமான தளமும் மரப் பெஞ்சும் வரும். பிரேதத்தைச் சுமந்து ஏறியவர்கள் பெட்டியை இறக்கி மூச்சு வாங்க வைத்த இடங்கள் அவை. அதைச் சொன்னதும் அம்மா உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பீடம் எங்கல இருக்கு?"

நியாயமான கேள்வி. பீடத்துக்கு நேர் முன்னால், முறுக்கின மரத்தூண்களின் மேல், அந்த ஊர்ப் பண்ணையாரான சோம்லி குடும்பத்தின் மேடை நிற்கிறது. பீடத்துக்கே முதுகைக் காட்டிக்கொண்டு சபையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கீழே மற்றவர்களுக்குப் பெட்டி பெட்டியாக அடைத்த இருக்கைகள். நெஞ்சுயரப் பலகை, சின்னக் கதவு, தாழ்ப்பாள். கடல் காற்று காலில் ஏறாமலிருக்க அந்த அடைப்பு. நடுக்கூடத்தில் ஓர் இரும்புக் கணப்பு அடுப்பு. கட்டடம் 1110 வாக்கில் தொடங்கியது, மேலே இருக்கும் மரவேலையில் பெரும்பகுதி அதற்கு ஐந்நூறு அறுநூறு ஆண்டுகள் பிந்தியது. கப்பல் கட்டியும் திமிங்கிலம் பிடித்தும் ஊர் பெருக்கப் பெருக்க, இடம் போதாமல் மாடத்துக்கு மேல் மாடமாக ஏற்றியிருக்கிறார்கள். எந்தச் சிற்ப சாஸ்திரத்துக்கும் அது பொருந்தாது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

சில அடைப்புகளின் மேல் பெயிண்டில் எழுதியிருக்கிறது: வெளியூராருக்கு மட்டும். மற்ற இருக்கைகளுக்குக் குடும்பக்காரர்கள் சொந்தம் கொண்டாடிய காலத்தில், வந்தவனுக்கும் ஓர் இடம் என்று ஒதுக்கியது. நாங்கள் அதில்தான் உட்கார்ந்தோம்.

மூன்றடுக்குப் பிரசங்க பீடம் 1778-ல் செய்தது. அதன் பின்னால் நீளமான குழல்கள் இரண்டு தொங்கின. முன்பிருந்த ஒரு ஐயரின் (பாதிரியாருக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்) மனைவிக்குக் காது கேட்காதாம். பிரசங்கம் அவர் காதில் விழ அந்தக் குழல்களைப் பொருத்தியிருக்கிறார்கள். "ஐயரம்மாவுக்கா?" என்றார் அம்மா. தன் காதிலிருந்த மெஷினை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அந்தக் குழலைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றார்.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பழைய கோயில்களைப் "புதுப்பிக்கிறோம்" என்று இப்படிப்பட்ட அடைப்புகளையும் மாடங்களையும் ஊர் ஊராகப் பிடுங்கி எறிந்தார்கள். விட்பி தப்பித்தது. மடத்தின் வரலாறு பெரியதுதான். 657-ல் ஹில்டா அம்மையார் தலைமையில் எழுந்தது, ஈஸ்டர் நாளை ரோமை முறைப்படி கணக்கிடுவது என்று 664-ல் முடிவானதும் அங்கேதான். 1539-ல் எட்டாம் ஹென்றி மூடினான், 1914 டிசம்பரில் ஜெர்மன் கப்பல்கள் சுட்டதில் முகப்பு சிதைந்தது. ஆனால் அங்கே இப்போது யாரும் ஜெபிப்பதில்லை. இங்கே ஆராதனை நடக்கிறது. 1861 பிப்ரவரி புயலில் ஒரே நாளில் திரும்பத் திரும்பக் கடலுக்குப் போன உயிர்காப்புப் படகில் 13 பேரில் 12 பேர் மாண்டார்கள். மிதக்க உதவும் கார்க் அங்கி போட்டிருந்த ஹென்றி ஃப்ரீமன் ஒருவர்தான் பிழைத்தார். மாண்டவர்களின் நினைவுச்சின்னம் இந்தக் கோயிலில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். இல்லை. ஓடு மாற்றுவதும் சுவர் பூசுவதும் அந்தச் சபையார் தலையில்தான். ரிப்பேர் செலவுக்கு 20 சதவீதம் வாட் வரி வேறு. அதைத் திருப்பித் தர 2001-லிருந்து ஒரு மானியம் இருந்தது. 2025-ல் அதற்கும் ஒரு கட்டடத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று வரம்பு போட்டார்கள். நூற்றாண்டுகள் தாண்டிய கட்டடங்களை இப்படி நெருக்குவது பெரிய தவறு என்றே சொல்வேன். உப்புக்காற்று அங்கே கல்லறைக் கற்களையே தேன்கூடு மாதிரி அரித்து வைத்திருக்கிறது, பேர் படிக்க முடியவில்லை. 2012-13 குளிர்காலத்து மழையில் கல்லறைத் தோட்டத்து ஓரம் சரிந்து எலும்புகள் வெளியே வந்தன. பொறுக்கி எடுத்து மறுபடி அடக்கம் செய்தார்கள்.

மண் மட்டுமா சரிகிறது? கீழே வீடுகள் விடுமுறை வாடகைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. புதிதாகக் கட்டும் வீடுகளை ஊரில் நிரந்தரமாக இருப்பவர்களுக்கே விற்க வேண்டும் என்று 2022 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில், ஓட்டுப் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரித்தார்கள். ஊரில் ஆள் இல்லாமல் போனால் அந்த அடைப்புகளில் யார் உட்காருவது?

அதனால்தான் கேட்கிறேன். மடத்துக்கு டிக்கெட் எடுங்கள், படம் எடுங்கள். திரும்பும் வழியில் அரை மணி நேரம் இங்கே உட்காருங்கள். ஒரு காப்பிக் காசைக் காணிக்கைப் பெட்டியில் போடுங்கள்.

நாங்கள் புறப்படும்போது மழை தூறத் தொடங்கியிருந்தது. வாசல்வரை வந்த அம்மா திரும்பிப் போய், நாங்கள் உட்கார்ந்திருந்த அடைப்பின் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தார்.