பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீங்க

தூக்கத்துல மூச்சு அடைபடாம இருக்க மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்புற கருவிதான் சிபேப். "சிபேப் மிஷின் மாட்டிட்டா ஹார்ட் அட்டாக்கே வராது, பிரஷர் மாத்திரையை விட்டுடலாம்"னு உங்க பதிவுல எழுதியிருக்கீங்க அண்ணா. அது தப்பு, யாராவது நம்பி மாத்திரையை நிறுத்திடப் போறாங்க.

தூக்கத்துல மூச்சு அடைபட்டா ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சு பிரஷர் எகிறும். மிஷின் அதைத் தடுக்கும். ஆனா அதனால பிரஷர் சராசரியா 2-3 புள்ளிதான் இறங்கும். 2016-ல வந்த சேவ் (SAVE)ங்கிற மருத்துவ ஆய்வுல, ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ வந்த 2,700-க்கு மேற்பட்டவங்க இருந்தாங்க. மிஷின் கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் குறையல. ராத்திரிக்கு சராசரியா 3.3 மணி நேரம்தான் மாட்டினாங்கங்கிறதையும் சொல்லணும்.

அதுக்காக மிஷினை ஒதுக்காதீங்க. பகல் தூக்கம் நல்லாவே குறையும். எங்க அப்பா தருமபுரியில லாரி ஓட்டுறார். மிஷின் மாட்ட ஆரம்பிச்ச பிறகு, தொப்பூர் மலை இறக்கத்துல இப்ப அவருக்குக் கண் சொக்கறதில்லை, வீட்டுல எங்களுக்கு அது எவ்வளவு நிம்மதி! பிரஷர் மாத்திரையை அவரும் இன்னும் விடல.