மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுவதற்கு முன்னால்

ஏடிஹெச்டி, அதாவது மனதை ஒன்றில் நிறுத்த முடியாமலோ அளவுக்கு மீறித் துறுதுறுவென்றோ, இரண்டும் சேர்ந்தோ இருக்கும் கோளாறு பற்றிப் பேச்சு எழுந்தாலே இரண்டு வாக்கியங்கள் வந்துவிடும். "குழந்தைன்னா துறுதுறுன்னுதான் இருக்கும், அதுக்குப் போய் மாத்திரையா?" என்பது ஒன்று. "சர்க்கரை நோய் வந்த குழந்தைக்கு இன்சுலின் போட யோசிப்பீங்களா?" என்பது இன்னொன்று. பல வருடங்களாகச் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள் நான், எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. முதலாவது, உண்மையாகவே தவிக்கிற பிள்ளையைப் பார்த்து "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்கிறது. இரண்டாவது, சர்க்கரை நோயை ரத்தத்தில் அளந்து பார்க்கலாம், இதை அப்படி அளக்க முடியாது என்ற பெரிய வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது. ஏடிஹெச்டியை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, கேட்டு, பார்த்து, யோசித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். அந்த யாரோ ஒருவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதுதான் என் கேள்வி. மாத்திரை நல்லதா கெட்டதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது" என்பவர்களுக்குச் சுருக்கமாக ஒரு பதில். 1798-லேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், எதிலும் மனதை நிறுத்த முடியாமல் அலைபாய்கிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தி நன்றாக இருந்தும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றித் தொடர் சொற்பொழிவே நடத்தினார். அப்போது விற்க மாத்திரையும் இல்லை, லாபம் பார்க்கக் கம்பெனியும் இல்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஏடிஹெச்டியில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் 70 சதவீதத்துக்கும் மேல் மரபணுவோடு தொடர்புடையது என்று தெரிகிறது. செல்போனும் வளர்ப்பும் மட்டும் இதைக் கொண்டுவந்துவிடவில்லை.

வகுப்பில் இது எப்படித் தெரியும் என்றால், பலரும் நினைப்பதுபோல மேஜை மேல் ஏறிக் குதிக்கும் பையனாக மட்டும் தெரியாது. விடையை வாயால் கேட்டால் சட்டென்று சொல்லும் பிள்ளை, அதையே எழுதச் சொன்னால் மூன்றாவது வரியில் நின்றுவிடும். வீட்டுப்பாடத்தைச் செய்து முடித்திருக்கும், அது பைக்குள்ளேயே இருக்கும், ஆனால் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கத் தோன்றாது. விளையாட்டில் தன் முறை வரும்வரை காத்திருக்க முடியாது, அதனால் நாளாக நாளாக மற்றவர்கள் சேர்த்துக்கொள்வதை நிறுத்திவிடுவார்கள். "சோம்பேறி", "திமிர்", "கவனமே கிடையாது" என்று பெரியவர்கள் சொல்வதையெல்லாம் அந்தப் பிள்ளை நம்பத் தொடங்கிவிடுகிறது. எனக்கு இதில் மனது தாங்காத இடம் இதுதான். பத்து வயதில் ஒரு குழந்தை தன்னைப் பற்றி இவ்வளவு மோசமான முடிவுக்கு வந்திருப்பதைப் பார்த்தவர்கள் "சும்மா விடுங்க, வளர்ந்தா சரியாயிடும்" என்று அவ்வளவு லேசாகச் சொல்ல மாட்டார்கள்.

சிலருக்கு வளர வளரக் குறைகிறது, நிஜம்தான். பலருக்குப் போவதில்லை. அமெரிக்காவில் ஏடிஹெச்டி உள்ள 23 லட்சம் நோயாளிகளின் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2017-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, இவர்கள் மருந்து எடுத்துக்கொண்ட மாதங்களில் வாகன விபத்தில் சிக்கியது ஆண்களிடம் 38 சதவீதமும் பெண்களிடம் 42 சதவீதமும் குறைவாக இருந்ததைக் காட்டியது. ஒரே ஆளை, மருந்து எடுத்த மாதத்திலும் எடுக்காத மாதத்திலும் ஒப்பிட்டுச் செய்தது. இதுபோன்ற ஆய்வுகளால் காரணத்தை நூறு சதவீதம் நிரூபிக்க முடியாது, ஆனால் இதைப் படித்த பிறகும் "வெறும் குறும்புக்கு மருந்து கொடுக்கிறார்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, இப்போது மறுபக்கம். இது என்னை உண்மையில் கோபப்படுத்துகிற பக்கம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் டிசம்பர் 31-ஐக் கடைசித் தேதியாக வைத்துக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கிறார்கள். அதனால் ஒரே வகுப்பில் ஜனவரியில் பிறந்த குழந்தையும் அதே வருடம் டிசம்பரில் பிறந்த குழந்தையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்றுக்கு மற்றதைவிட ஏறக்குறைய ஒரு வயது கூட. அங்கே ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட முடிவு இது: ஜனவரியில் பிறந்தவர்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஏடிஹெச்டி என்று சொல்லப்படும் வாய்ப்பு 30 சதவீதம் அதிகம், பெண் குழந்தைகளுக்கு 70 சதவீதம் அதிகம். மருந்து எழுதிக் கொடுக்கப்படும் வாய்ப்பு பையன்களுக்கு 41 சதவீதமும் பெண் குழந்தைகளுக்கு 77 சதவீதமும் அதிகம். அமெரிக்காவிலும் இதையே பார்த்தார்கள். செப்டம்பர் 1-ஐக் கடைசித் தேதியாக வைத்திருக்கும் மாநிலங்களில், செப்டம்பரில் பிறந்தவர்களைவிட ஆகஸ்டில் பிறந்தவர்களுக்கு இந்த நோயறிதல் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்று 2018-ல் எழுதினார்கள். அந்தத் தேதியை வைத்திராத மாநிலங்களில் இந்த இரண்டு மாதக் குழந்தைகளுக்கும் இடையே அப்படிப்பட்ட வித்தியாசமே இல்லை.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஆகஸ்டில் பிறந்த மூளைக்கும் செப்டம்பரில் பிறந்த மூளைக்கும் எந்த வேறுபாடும் கிடையாது. ஐந்து வயதுக் குழந்தையை ஆறு வயதுக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஏன் உன்னால் இவனைப்போல அசையாமல் இருக்க முடியவில்லை" என்று கேட்டிருக்கிறோம். அதன் பதில் மருந்துச் சீட்டாக முடிந்திருக்கிறது. வகுப்பிலேயே சின்னப் பிள்ளை இது என்பதைக் கவனிக்க எந்தக் கருவியும் வேண்டாம், பிறந்த தேதியைப் பார்த்தால் போதும். பார்க்கவில்லை.

இதை எடுத்துக்கொண்டு "பாருங்க, நோயே பொய்" என்று யாரும் ஓட வேண்டாம். இந்த ஆய்வுகள் நோயைப் பொய் என்று சொல்லவில்லை, அளக்கும் விதத்தில் அவசரம் இருக்கிறது என்று சொல்கின்றன. ஜனவரியில் பிறந்த பிள்ளைகளிலும் இந்தக் கோளாறு இருப்பவர்கள் உண்டு, அவர்களில் சிலரை வயதுக்கேற்ற பக்குவமே மறைத்து வைத்திருக்கவும் கூடும்.

அளக்கும் விதம் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் படிவம் என் கைக்கு வரும். உலகெங்கும் பலர் பின்பற்றும் அமெரிக்க மனநலக் கையேட்டின் 2013 பதிப்புப்படி, கவனம் தொடர்பாக ஒன்பது அறிகுறிகள், துடிப்பும் அவசரமும் தொடர்பாக ஒன்பது. குழந்தைக்கு ஏதாவது ஒரு பிரிவில் குறைந்தது ஆறு அறிகுறிகள் இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், அன்றாட வாழ்க்கையைக் கெடுத்திருக்க வேண்டும், வேறு காரணத்தால் வந்ததாக இருக்கக் கூடாது. காகிதத்தில் படித்தால் நல்ல கறாரான விதிகள்தான். நடைமுறையில் என்ன ஆகிறது? "ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி" என்று நான்கு கட்டங்கள் போட்ட தாள் பெற்றோர் மூலம் என் கைக்கு வருகிறது, நாளைக் காலைக்குள் வேண்டும் என்கிறார்கள். அடிக்கடி என்றால் யாரோடு ஒப்பிட்டு? பக்கத்தில் இருக்கும் பிள்ளையோடா, போன வருடத்துப் பிள்ளைகளோடா? முப்பது நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு ஆசிரியை எந்தப் பிள்ளைக்கு "மிக அடிக்கடி" போடுவார் என்பது அவருடைய களைப்பையும் பொறுத்தது, இதை நான் நன்றாக அறிவேன். அந்தத் தாளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டு ஒரு டாக்டர்கூட என்னை நேராகக் கூப்பிட்டதில்லை. கட்டங்களைக் கூட்டினார்கள், எண் வந்தது, முடிந்தது.

வேறு காரணம் இருக்கக் கூடாது என்ற அந்தக் கடைசி விதிக்குத்தான் நேரம் தேவை. இரவெல்லாம் குறட்டை விட்டு மூச்சுத் தடைபட்டுத் தூங்கும் குழந்தை பகலில் நிலைகொள்ளாமல்தான் இருக்கும். காது சரியாகக் கேட்காத பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது. எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம் உள்ள பிள்ளை வாசிப்பு நேரத்தில் ஜன்னலைத்தான் பார்க்கும். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒரு வகை வலிப்பு இருக்கிறது, அதைப் பகல்கனவு என்று எளிதாகத் தள்ளிவிடலாம். வீட்டில் தினமும் சண்டை, பள்ளியில் யாரோ மிரட்டுகிறார்கள், மனதுக்குள் பயம், இதெல்லாமும் வெளியே பார்க்கக் கவனக்குறைவு மாதிரியே இருக்கும். போதாததற்கு இவற்றில் ஒன்று ஏடிஹெச்டியோடு சேர்ந்தும் இருக்கலாம். பத்து நிமிடச் சந்திப்பில் இதையெல்லாம் பிரித்துப் பார்க்க எந்த நிபுணராலும் முடியாது.

இதே அவசரம்தான் இன்னொரு கூட்டத்தைத் தவறவும் விடுகிறது. யாரையும் தொந்தரவு செய்யாமல், கடைசி பெஞ்சில் அமைதியாக, எதையும் முடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தைக்கு யாரும் படிவமே கேட்பதில்லை. அவள் பெரியவளாகி, வேலையிலும் வீட்டிலும் எல்லாம் கைமீறிப் போய், மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் கண்டுபிடித்தால் உண்டு. அமெரிக்காவில் 2022 கணக்குப்படி 3 முதல் 17 வயதுக் குழந்தைகளில் 11.4 சதவீதம் பேருக்கு எப்போதாவது இந்த நோயறிதல் சொல்லப்பட்டிருக்கிறது. உலக அளவில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடோ சுமார் 5 சதவீதம்தான். அதிகமாகக் கொடுக்கிறார்களா குறைவாகக் கொடுக்கிறார்களா என்று கேட்டால், தேவையில்லாத பிள்ளைக்கு அதிகமாகவும் தேவைப்படும் பிள்ளைக்குக் குறைவாகவும் என்பதுதான் என் பதில். ஒரே ஊரில், சில சமயம் ஒரே வகுப்பிலேயே.

இந்த விவாதத்தில் நான் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 579 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடத்தி 1999-ல் வெளியிட்டது, எம்டிஏ என்று சொல்வார்கள். குழந்தைகளை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு முறையாகக் கண்காணித்து மருந்து, ஒன்றுக்கு நடத்தைப் பயிற்சி, ஒன்றுக்கு இரண்டும், கடைசிக் குழுவுக்கு ஊரில் கிடைக்கும் வழக்கமான சிகிச்சை. 14 மாதம் கழித்து, ஏடிஹெச்டியின் முக்கிய அறிகுறிகளைப் பொறுத்தவரை, கண்காணித்து மருந்து கொடுத்த இரண்டு குழுக்களும் முன்னால் நின்றன. மருந்துக்கு ஆதரவானவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் வழக்கமான சிகிச்சை பெற்ற கடைசிக் குழுவிலும் சுமார் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் மருந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்! பெரும்பாலும் அதே வகை மருந்துதான், பலன் குறைவு. வித்தியாசம் எங்கே? ஆய்வுக் குழுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் எந்த அளவு பொருந்துகிறது என்று ஒரு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்து முடிவு செய்தார்கள், மாதாமாதம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள், ஆசிரியரிடம் கேட்டார்கள். ஊரில் இருந்த டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு எப்போதாவது பார்த்தார்கள். என்னைக் கேட்டால் இதற்கு மேல் ஒரு சாட்சி தேவையில்லை.

அந்த ஆய்வின் அடுத்த பகுதியையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 14 மாதத்துக்குப் பிறகு ஆய்வுக் குழுவின் சிகிச்சை நின்றது, அவரவர் விருப்பப்படி பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் வருட முடிவில் நான்கு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் இல்லாமல் போனது. தொடர்ந்து மருந்து எடுத்தவர்களின் உயரம், எடுக்காதவர்களைவிடச் சுமார் 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. மருந்து நீண்ட காலத்தில் பயனற்றது என்று சிலர் இதைப் படிக்கிறார்கள், அக்கறையான கண்காணிப்பு நின்றதும் பலனும் நின்றது என்று சிலர் படிக்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், ஆனாலும் பல வருடங்கள் தொடர்ந்து கொடுப்பதற்கு ஆதரவாக இருக்கும் சான்று, சில மாதங்கள் கொடுப்பதற்கு இருக்கும் சான்று அளவுக்கு வலுவானது இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏடிஹெச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகள், மூளை நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் டோபமினும் நார்அட்ரினலினும் கூடுதல் நேரம் வேலை செய்ய வழி செய்கின்றன. மணிக்கணக்கில்தான் பலன், அப்புறம் இறங்கிவிடும். பசி குறையும், சிலருக்குத் தூக்கம் கெடும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறும். பிள்ளைக்குக் கணக்கு சொல்லித் தராது, பையை ஒழுங்காக அடுக்கக் கற்றுக்கொடுக்காது. கற்றுக்கொடுக்கும்போது காதில் ஏறும்படி வைக்கும், அவ்வளவுதான், ஆனால் அந்த "அவ்வளவு" சில பிள்ளைகளுக்கு வாழ்க்கையையே திருப்பிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். மருந்து ஆரம்பித்த பிறகு ஒரு பிள்ளை சிரிப்பை மறந்து, பொம்மைபோல உட்கார்ந்திருந்தால் அதை முன்னேற்றம் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். டோஸ் அதிகம் அல்லது அந்த மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கான அறிகுறி அது. வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும் என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் மருந்து கொடுக்கக் கூடாது, ஆசிரியையாகவே சொல்கிறேன். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்குப் பயிற்சி, மருந்து அதற்குப் பிறகுதான் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே வழிகாட்டியிருக்கிறது.

நன்றாக விசாரித்து, யோசித்து, மருந்து ஆரம்பித்த பெற்றோரைப் பார்த்து "குழந்தைக்குப் போதை மருந்து கொடுக்கிறாயா" என்று கேட்கும் உறவினர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டால் பெரிய உபகாரம். ஏற்கெனவே அந்த அம்மா தூங்குவதில்லை.

ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்துவிட்டு இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது கேளுங்கள்: உயரம், எடை, ரத்த அழுத்தம் குறித்து வைக்கிறீர்களா, இந்த அளவுதான் சரி என்று எப்படி முடிவு செய்தீர்கள், இன்னும் தேவையா என்று எப்போது நிறுத்திப் பார்க்கப் போகிறோம். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால், வகுப்பில் என் பிள்ளைதான் வயதில் சின்னதா என்று பாருங்கள், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். பள்ளியில் யாரிடமாவது பேசினீர்களா என்றும் கேளுங்கள். பேசவில்லை என்றால் எங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். பள்ளி முடிந்த பிறகு அரை மணி நேரம் எங்களால் கண்டிப்பாக ஒதுக்க முடியும்.